கொக்கு முழ வாசல்

அந்தக் காலத்தில் குருவி, கொக்கு, எறும்பு, பாம்பு எல்லாமே வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன. அதிலும் கல்யாணப் பேச்சு என்றால் கேட்கவே வேண்டாம். அப்போது தூக்கணாங்குருவிக் கூட்டுக்கு இந்த நீளக் குழாய் கிடையாது. சுரைக்குடுக்கை மாதிரி உருண்டையாகத் தொங்கும், பக்கவாட்டில் ஒரு ஓட்டை இருக்கும். கொம்பேறிமூக்கன் பாம்பு கிளையில் சொகுசாகப் படுத்துக்கொண்டே ஓட்டைக்குள் தலையை விட்டு, முட்டையை விழுங்கிவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போய்விடும்.

கிணற்றோரத்து ஈச்சமரத்தில் மஞ்சமுத்து என்றொரு ஆண்குருவி இருந்தான். உழைப்பாளி, ஆனால் ராசியில்லாதவன். அவன் கட்டும் கூட்டையெல்லாம் பெண்குருவிகள் வந்து பார்த்துவிட்டு, அலகைச் சுழித்துக்கொண்டு பறந்துவிடும். மழையும் பிடித்துவிட்டது. புல் முற்றுவதற்குள் ஜோடி அமையாவிட்டால் அந்த வருஷமும் ஒண்டிக்கட்டைதான். அதிலும் அவன் உயிரையே வைத்திருந்தது பூவாத்தா என்பவள்மேல்.

பூவாத்தா வந்தாள். கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"ஏய்யா, பாம்புக்குக் கதவைத் திறந்து வச்சு வெத்தலை பாக்கு கொடுக்கிற மாதிரி இருக்கு. வாசல் ஒரு முழம் கீழே இறங்கணும். இம்மி குறைஞ்சாலும் பக்கத்து மரத்துக்காரனைக் கட்டிக்குவேன், ஆமா."

மஞ்சமுத்து கண்ணளவிலேயே ஒரு குழாயைப் பின்னினான். மேல்கிளையில் உட்கார்ந்து பார்த்தான். கச்சிதமாக ஒரு முழம்! மறுபடி வந்த பூவாத்தா கீழே கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தாள்.

"அரை முழம்கூட வராதே."

அவனும் கீழே போய்ப் பார்த்தான். அட, அரை முழம்தான். மேலே ஏறினான், முழு முழம். இறங்கினான், அரை. "என் கண்ணே எனக்கு எதிர்சாட்சி சொல்லுதே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். பாவம், ஏறி இறங்கியதில் மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

கண்ணை நம்பிப் பிரயோசனமில்லை என்று எறும்புகளிடம் ஓடினான். எறும்புகளின் அளவு பத்துப் பத்தாக ஏறும். பத்து எறும்பு ஒரு கோவை, பத்துக் கோவை ஒரு சாரை. சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. எறும்புத் தலைவி சுள்ளியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னான்.

"முழமா? அதென்ன தம்பி, ஆளுக்கொரு அளவு! பூக்கட்டுறவ முழமும் பூ வாங்குறவ முழமும் என்னைக்காவது ஒத்துப்போயிருக்கா? எங்க அளவுல கேளு, மயிரிழை பிசகாது."

"சரிக்கா. ஒரு முழத்துக்கு எத்தனை எறும்பு?"

அது சுள்ளியம்மாளுக்குத் தெரியாது. பத்தால் பெருக்கத் தெரியும், பத்தால் வகுக்கத் தெரியும், முழத்தை எறும்பாக்க மட்டும் தெரியாது.

"முட்டியிலேர்ந்து விரல் நுனி வரைக்கும்தானே முழம்? முட்டி உள்ள ஆள் யாராவது இருந்தா ஏறி அளந்துடலாம்," என்றாள் கடைசியில்.

வயல் வரப்பில் வெள்ளையப்பன் கொக்கு நின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தன் காலைப் பற்றி ரொம்பப் பெருமை. "அளந்துக்கோ மாப்ளே, நம்ம முழம் சுத்தமான முழம்," என்று ஒரு காலை விறைப்பாக நீட்டினார். எறும்புகள் வரிசையாக ஏறின. "ஐயய்யோ, கூசுது! கூசுது!" என்று கொக்கு நெளிந்தாலும் காலை மட்டும் சுருக்கவில்லை, இன்னும் கொஞ்சம் நீட்டித்தான் வைத்தார்.

"ஒரு சாரை, ஏழு கோவை, மூணு எறும்பு," என்று சுள்ளியம்மாள் அறிவித்தாள். "மூணாவது கொஞ்சம் குட்டைதான், பரவாயில்லை."

மஞ்சமுத்து ராப்பகலாகப் பின்னினான். எறும்புகள் தொங்கித் தொங்கிச் சரிபார்த்தன. கடைசியில் கூட்டைவிடக் குழாய் பெரிசாக இருந்தது.

பூவாத்தா வந்து பார்த்துவிட்டுக் கிணறே எதிரொலிக்கும்படி சிரித்தாள்.

"என்னய்யா இது, வீட்டுக்கு வாசலா, வாசலுக்கு வீடா?"

"நீ கேட்ட முழம்தான் புள்ள! ஒரு எறும்புகூடப் பிசகலை!"

"யார் முழம்?"

"கொக்கு மாமா முழம்."

"அடப்பாவி! குடியிருக்கப்போறது கொக்கா, நானா?" சிறகை மடக்கி முட்டியிலிருந்து நுனிவரை காட்டினாள். "இதோ, இதுதான்யா முழம்!"

அது மஞ்சமுத்துவின் அலகைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. எறும்புக் கணக்கு எள்ளளவும் தப்பில்லை, அளந்த முழம்தான் தப்பு.

"இதுக்குள்ள போய் வரவே கட்டுச்சோறு வேணும் போலிருக்கு," என்று முணுமுணுத்தபடி, எவ்வளவு கிறுக்குத்தனம் என்று பார்க்க அவள் உள்ளே ஏறிப்போனாள். அந்த நேரம் பார்த்துக் கொம்பேறிமூக்கன் வந்தது. மஞ்சமுத்து கத்தப் பார்த்தான், பயத்தில் குரல் வரவில்லை. பாம்பு கூட்டைச் சுற்றிக்கொண்டு இறங்கி, குழாயின் கீழ்வாயில் தலையை வைத்து மேலே பார்த்தது.

பூவாத்தா உள்ளேயிருந்து கீழே பார்த்தாள். அந்த நீளக் குழாயின் கோடியில் பாம்பின் தலை புழுவின் தலை மாதிரி துளியூண்டாகத் தெரிந்தது. அவளுக்கோ நல்ல பசி.

"அட, புழு! மாப்பிள்ளை பார்க்க வந்தவளுக்குப் பலகாரம்கூட வச்சிருக்கியா! அசையாதே புழுவே, இதோ வந்து ஒரே வாயில முழுங்கிடறேன்!"

குழாய்க்குள் உருண்டு வந்த குரல் இடி மாதிரி விழுந்தது. பாம்பு வெலவெலத்துப்போனது. 'என்னையே புழுவாகப் பார்க்கிற கண் எத்தனை பெரிய கண்ணாக இருக்கும்! ஒரே வாயில் விழுங்குகிற வாய் எப்பேர்ப்பட்ட வாயாக இருக்கும்!' யோசித்த வேகத்தில் பிடி நழுவிக் கிணற்றில் தொப்பென்று விழுந்தது.

பூவாத்தா ஏமாற்றத்தோடு வெளியே வந்தாள். "புழு எங்கேய்யா?"

மஞ்சமுத்து கிணற்றைக் காட்டினான். தண்ணீரில் அத்தனை நீளமும் நெளிவதை அவள் பார்த்தாள். பாம்பு எப்படியோ கரையேறித் திரும்பிப் பார்க்காமல் ஓடியது. பிறகு அவன் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"கொக்கு முழமே இருக்கட்டும்," என்றாள்.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவிக் கூட்டுக்கு அந்த நீண்ட குழாய் வாசல் வந்தது. பெண்குருவி உள்ளே போய்ப் பார்த்த பிறகுதான் சரி என்று தலையாட்டும். எங்கேயாவது பாதியில் விட்ட கூடு தனியாகத் தொங்கினால், அங்கே மாப்பிள்ளை கொக்கு முழத்தை விட்டுவிட்டுத் தன் குட்டை முழத்தில் அளந்துவிட்டான் என்று அர்த்தம்.