லத்தீன் வாத்தியாருக்கு வந்த பங்கு

ஒரு ஊர்ல, கடலுக்கும் பனங்காட்டுக்கும் நடுவுல, ஒரு லத்தீன் வாத்தியார் இருந்தாரு. இஞ்ஞாசி வாத்தியார்னு பேரு. லத்தீன்னா என்னன்னு கேக்கறியா? அது ஒரு பாஷை. முன்னாடியெல்லாம் மாதா கோயில்ல பூசை முழுக்க அதுலதான் சொல்லுவாங்க. ஆனா அதுல யாரும் தக்காளி வாங்க மாட்டாங்க, பஸ்ஸுல சீட்டுக்குச் சண்டை போட மாட்டாங்க, 'போர்வையை உதைக்காதடி'ன்னு பிள்ளையைத் திட்டவும் மாட்டாங்க. உதைக்காதடி. அந்த பாஷையத்தான் அவரு குருமடத்துல, சாமியாருக்குப் படிக்கிற பிள்ளைங்களுக்கு, தலை நரைக்கிற வரைக்கும் சொல்லிக் குடுத்தாரு.

ம் சொல்லு. சொன்னாத்தான் மேல போவேன்.

அப்புறம் வயசாயிடுச்சுன்னு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வந்து நாற்காலியில உக்காந்தாரு. உக்காந்தா கால் பரபரங்குது. எழுந்தா நெஞ்சு படபடங்குது. வாசலுக்கும் கிணத்தடிக்கும் சரக் சரக், சரக் சரக்னு ஒரே நடை. அவரு வீட்டுக்காரி அமலோற்பவம் கோழிக்குத் தீனி போட வந்தா கோழி எல்லாம் அவரு காலுக்குப் பயந்து கூரை மேல ஏறி நிக்குது.

அப்போ குருமடத்து அதிபர் சாமி வந்தாரு. புதுசா பிள்ளைங்க சேந்திருக்காங்க, லத்தீன் சொல்லிக் குடுக்க ஆள் இல்ல, திரும்பி வாங்க, ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லுங்கன்னு கேட்டாரு. வேற ஆளா இருந்தா குதிச்சிருப்பாங்க. இவருக்கு அன்னிக்குத்தான் சோறே இறங்கல. 'இத்தனை பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தேனே, யார் மனசுலயாவது ஏதாவது ஒட்டிச்சா? ஒட்டலன்னா நான் எதுக்கு வாழ்ந்தேன்? அது தெரியாம இனி சாக்பீஸைத் தொட மாட்டேன்'னு புலம்புறாரு.

அமலோற்பவம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயி, "அதை அவங்க கிட்டயே கேட்டுட்டு வாங்களேன். நடக்கிறதுதான் நடக்கிறீங்க, ஏதாவது ஒரு ஊருக்காச்சும் நடங்க"ன்னாங்க.

சரின்னு வெள்ளைச் சட்டைய மாட்டிக்கிட்டு கிளம்பிட்டாரு.

மொதல்ல போனது பெஞ்சமின் சாமியார் கிட்ட. வகுப்புலயே கெட்டிக்காரப் பிள்ளை, இப்போ பெரிய கோயிலுக்குப் பங்குச் சாமியார். அங்க கோபுர வேலை நடக்குது, டங் டங், டர்ர்ர்ர். சாமியார் ஓடி வந்து கையப் பிடிச்சாரு, காபி வரவழைச்சாரு. லத்தீன் ஞாபகம் இருக்கான்னு வாத்தியார் கேட்டாரு. சாமியார் சிரிச்சு, இப்பதான் எல்லாமே தமிழ் ஆயிடுச்சே சார்னு சொல்லிட்டு, சிமெண்டு விலை ஏறினதைச் சொல்ல ஆரம்பிச்சாரு. காபி ஆறிப்போச்சு. வாத்தியார் எழுந்துட்டாரு.

ம்.

அப்புறம் ரெமிஜியூஸ். குருமடத்துலேருந்து பாதியில வந்து மருந்துக்கடை வச்சவரு. மருந்துப் பேருல எல்லாம் லத்தீன் ஒளிஞ்சிருக்குமே, இவருக்காவது உதவியிருக்கும்னு வாத்தியாருக்கு ஒரு நப்பாசை. ரெமிஜியூஸ் சொன்னாரு, அட்டையில என்ன அச்சடிச்சிருக்கோ அதை எடுத்துக் குடுக்கறேன் சார், அவ்வளவுதான்னு. ஆனா மடத்துல போட்ட மரச்சீனிக்கிழங்கும் மீன் கறியும் இன்னும் நாக்குல நிக்குதாம். ஒட்டினது கிழங்குதான்.

வாத்தியார் மருந்துக்கடைய விட்டு வெளிய வந்தாரு. மறுநாள் ஞாயித்துக்கிழமை. பஸ்ஸுக்குக் காத்திருக்கவும் முடியல. கடற்கரை வழியா நடந்தே வீட்டுக்குப் போறேன்னு இறங்கிட்டாரு. பொதுக் பொதுக்னு மணல். ஸ்ஸ்ஸோன்னு அலை.

அப்போ காத்துல ஒரு சத்தம் வருது.

"ரோசா... ரோசே... சாளை... ரோசாம்! ரோசா... ரோசே... சாளை... ரோசாம்!"

பாத்தா கரமடி இழுக்கிறாங்க. கரமடின்னா பெரிய வலை. படகுல கொண்டு போயி கடல்ல வளைச்சுப் போட்டுட்டு, கரையில ரெண்டு கூட்டமா நின்னு ரெண்டு கயித்தையும் சமமா இழுக்கணும். ஏலேலோ சொல்ல வேண்டிய இடத்துல இவங்க லத்தீன் சொல்றாங்க. குருமடத்துல சேந்த புதுப் பிள்ளைங்க, ரோசாப்பூங்கிற ஒரே சொல்லை ரோசா, ரோசே, ரோசே, ரோசாம்னு மாத்தி மாத்தி, மொத மொதல்ல கோரஸா கத்துற பாடம் அது. ஆனா நடுவுல ஒரு சாளை மீன் துள்ளிக் குதிக்குது.

வாத்தியாருக்குப் பொறுக்குமா? கயித்துக்கு முன்னாடி ஓடிப்போயி கையத் தூக்கி, "நிறுத்து. மறுபடியும் சொல்லு"ன்னாரு, கிளாஸ்ல சொல்ற அதே குரல்ல.

முன்னால நின்ன ஆளு, பாதி நரைச்ச மீசை, பாறை மாதிரி தோளு, அப்படியே கயித்த விட்டுட்டுக் கையக் கட்டிக்கிட்டாரு. அவரு விட்டதும் அந்தப் பக்கம் மொத்தமும் நின்னுபோச்சு. இன்னொரு பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கு. வலையோட வாய் கோணிக்கிச்சு. சளக், சளக், சளசளசளன்னு மீனெல்லாம் வெளிய ஓடுது.

வலைக்குச் சொந்தக்காரர், அந்த மடிக்காரர் கத்தின கத்துல காக்கா எல்லாம் பறந்துடுச்சு. யாருய்யா இந்த வெள்ளைச் சட்டைன்னு வாய்க்கு வந்தபடி ஏசுறாரு. கையக் கட்டி நின்னவரு மட்டும் மெதுவா, "எங்க லத்தீன் சார்"னாரு.

அது கஸ்பார். எல்லாப் பரீட்சையிலயும் முட்டை வாங்கின கஸ்பார். இவன் படிப்புக்கு லாயக்கில்லன்னு வாத்தியார்தான் ஊருக்கு அனுப்பி வச்சாரு. ஆளோட பேரே அவருக்கு மறந்துபோயிருந்துச்சு.

வாத்தியாருக்கு என்ன செய்யறதுன்னே தெரியல. செருப்பைக் கழட்டிட்டு கயித்தப் பிடிச்சுட்டாரு. கை வழுக்குது, உள்ளங்கை எரியுது. பக்கத்துல கஸ்பார். மூச்சு வாங்கிக்கிட்டே, இத ஏண்டா சொல்றீங்கன்னு கேட்டாரு.

"உங்க கிளாஸ்ல எனக்கு ஒண்ணும் ஏறல சார். தனியா எழுப்பி விட்டா நாக்கு ஒட்டிக்கும். எல்லாரும் சேந்து கத்துறப்ப மட்டும் பயம் இருக்காது. ஊருக்கு வந்து மொத நாள் கயித்தப் பிடிச்சேன், கை பொத்துப்போச்சு, அழுகையா வந்துச்சு. வாய் தானா அதைச் சொல்லிச்சு. பக்கத்துல நின்னவன் பிடிச்சுக்கிட்டான். அப்படியே ஊரே பிடிச்சுக்கிச்சு. சாளை மட்டும் நாங்க போட்டது."

வாத்தியார் அந்தக் கோரஸை ஒரு பாடமாவே நினைச்சதில்ல. நிஜப் பாடம் தொடங்குற வரைக்கும் பிள்ளைங்க சும்மா கத்தட்டும்னு விட்டது. அவரு கயித்த இன்னும் இறுக்கிப் பிடிச்சு இழுத்தாரு.

ம் சொல்றியா, தூங்கிட்டியா? ஆங், சரி.

மடி கரையேறிச்சு. பங்கு பிரிச்சாங்க. கயித்துல கை வச்ச யாருக்கும் பங்கு உண்டு, அதுதான் அங்க வழக்கம். வாத்தியார் வேண்டாம் வேண்டாம்னு பின்னாடி போறாரு. மடிக்காரர் விடல. "மீனை விட்டதுக்குத் திட்டு, இழுத்ததுக்குப் பங்கு. ரெண்டையும் வாங்கிக்கிட்டுத்தான் போகணும் சார்"னு பையில அள்ளிப் போட்டுட்டாரு.

பையோட நேரா அதிபர் சாமி கிட்ட போனாரு. நான் வர்றேன், ஆனா எடுத்த எடுப்புல எந்தப் பிள்ளையையும் தனியா எழுப்பி விடமாட்டேன், பயம் போற வரைக்கும் எல்லாரும் சேந்துதான் கத்துவாங்கன்னாரு. அதிபர் சாமி மூக்கைப் பிடிச்சுக்கிட்டே சரின்னு தலையாட்டினாரு.

அப்புறம் வீடு. எதுக்கு வாழ்ந்தீங்கன்னு தெரிஞ்சுதான்னு அமலோற்பவம் கேட்டாங்க. அவரு பைய நீட்டினாரு.

எட்டிப் பாத்தாங்க. "சாளையா? லத்தீன் நம்ம வீட்டுக்குக் குழம்புக்குக் கொண்டு வந்தது இதுதான் மொத தடவை. செதிலை எடுங்க, நான் மசாலா அரைக்கிறேன்."

வாத்தியார் கத்தியும் கையுமா உக்காந்தாரு. சரட், சரட்... ரோசா, ரோசே... சரட்... சாளை, ரோசாம்.

மடி கரையேறிடுச்சு, கதையும் கரையேறிடுச்சு. கண்ண மூடுடி செல்லம்.