வடிகட்டிப் பள்ளத்தில் நாற்றம் இல்லை

"இத்தனூண்டு கந்தகத்துக்கா அம்மா இவ்வளவு விலையான தகடு செத்துப்போகும்?"

கேட்ட வேதமூர்த்திக்கு ஐம்பத்தெட்டு வயது. அவருடைய குரு ஹெப்சிபாவுக்கு நாற்பத்தொன்று. பாய்லர் வேலையில் முப்பது வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவர், அவளிடம் சீடராகச் சேர்ந்து ஆறு மாதம். செருப்பைத் தினமும் வாசலில் கழற்றிவிடுவார். கர்வத்தைக் கழற்ற மட்டும் நேரம் வாய்க்கவில்லை.

சாராய ஆலைக்குப் பின்னால் இருந்தது அவர்களுடைய கொட்டகை. கழிவுநீர்த் தொட்டியில் கிளம்பும் வாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தெடுப்பது அங்கே வேலை. பிரிப்பது ஒரு பல்லேடியத் தகடு. தலைமுடியைவிட மெல்லிசு. ஹைட்ரஜனை மட்டும் தன்னுள் புகுந்து போகவிடும்.

மூன்று நாளாக அதையும் விடவில்லை.

ஹெப்சிபா கறுத்த தகட்டை வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கந்தகம் உள்ளே போகாது. வாசற்படியிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துக்கும். வர்றவனுக்குக் கால் வைக்க இடமிருக்காது."

"தகட்டுக்கு அது தெரியாதா?"

"அதுக்கு என்ன தெரியும்? இன்னிக்கு ஒருத்தனும் வரலைன்னு நினைச்சுக்கும்."

"சரியான மக்குத் தகடு!"

அவர் மட்டும்தான் சிரித்தார்.

"கந்தகத்தைப் பிடிக்கிற வடிகட்டியைப் பார்த்தீங்களா?"

"பார்க்காம இருப்பேனா? காலையில வடிகட்டிப் பள்ளத்துமேல குனிஞ்சேன். அழுகின முட்டை மாதிரி கந்தக நாத்தம், குடலைப் புடுங்குச்சு. வால்வை இறுக்கிட்டு அங்கேயே நின்னேன். கால் மணியில நாத்தம் சுத்தமாப் போயிடுச்சு."

"கேஸ் மீட்டர் வச்சுப் பார்த்தீங்களா?"

"எனக்கெதுக்கும்மா மீட்டர்? இது முப்பது வருஷ மூக்கு. அதான் வடிகட்டியை மாத்தச் சொல்லி நம்ம ஹெல்ப்பர் மரியதாசை உள்ளே இறக்கிவிட்டேன்."

"எப்போ?"

"அரைமணி ஆச்சு."

ஹெப்சிபா சுவரில் தொங்கிய சுவாசக் கருவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

வேதமூர்த்தி பின்னால் ஓடினார். "மரியா! டேய் மரியா!"



அவள் கருவியை மாட்டிக்கொண்டு இறங்கினாள். அவன் இடுப்பில் கயிறு கட்டினாள். அவர் இழுத்தார்.

மரியதாஸ் மேலே வந்தான். வாயோரம் நுரை. கையில் ஸ்பானர். விரலைப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஹெப்சிபா அவன் நெஞ்சை அழுத்தினாள். வெகுநேரம் அழுத்தினாள். அப்புறம் நிறுத்தி, அவன் கண்ணை மூடினாள்.

"நாத்தம் போன பிறகுதானேம்மா இறக்கினேன்!"



வேதமூர்த்தி மண்டியிட்டு, செத்தவனுடைய சட்டையில் முகத்தைப் புதைத்தார். இழுத்து இழுத்து மோந்தார்.

"இந்தா, இப்பவும் ஒண்ணுமே இல்லை. சட்டையில கூட இல்லை. நீங்களே மோந்து பாருங்க. சத்தியமா இல்லைம்மா."

ஹெப்சிபா அவர் தோளைப் பிடித்து, ஆலைப் பக்கமாகத் திருப்பினாள்.

கூச்சல் கேட்டு ஓடிவந்த ஆட்கள் முப்பதடி தள்ளியே நின்றுவிட்டிருந்தார்கள்.

ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் மூக்கைப் பொத்தியிருந்தார்கள்.