விதை உதிரும் வரை அடைத்த காடு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்துச் சொல்லலாம், கை சுடாது.

காங்கேயத்துக்குத் தெற்கே ஊசிக்கரட்டூரில், நிலக்காரர் சென்னியப்பப் பண்ணாடியின் கொரங்காட்டில் மாடு மேய்த்து வந்தார் நஞ்சாத்தாள் அம்மையார். கொரங்காடு என்பது ஏர் படாத புல்காடு. கிளுவை வேலி போட்டு மூன்று துண்டாக்கி, ஒன்றில் மேயவிட்டு மற்றவற்றை அடைத்து ஆறவிடுவார்கள். அம்மையார் விடியலில் சாணம் அள்ளி, தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, அடைத்த காட்டின் வேலியைச் "சிவசிவா" என்று ஒரு சுற்றுச் சுற்றுவார். அவருக்கு அதுதான் கோயில் வலம். பொத்தல் கண்டால் முள்ளை வைத்து அடைப்பார். கதிர் முற்றி விதை மண்ணில் உதிரும் வரை ஒரு மாட்டின் வாயும் அதில் படக்கூடாது. அது அப்பனின் பங்கு என்பது அவர் நோன்பு.

"எல்லாரும் சாமிக்குத் தேங்கா ஒடைப்பாங்க. புல்லை வெச்சுக் கும்பிடறவ நீ ஒருத்திதான் ஆத்தா" என்று ஊரார் சிரிப்பர்.

"அவரு ஏறிப் போற மாடு என்னத்தைத் திங்குமுங்க, தேங்காயா?" என்பார் அம்மையார்.

அந்த ஆண்டு மழை பாதியில் நின்றது. சூரியன் மண் பூசிய தாம்பாளமாய் எழுந்து, அப்படியே விழுந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் மூன்று துண்டையும் ஒரே மூச்சில் மேயவிட்டார். புல் வேரோடு போயிற்று. ஒரு நாள் அடித்த காற்றில் அந்தக் காடே எழுந்து அடுத்த ஊருக்குப் போய்விட்டது, பாறைதான் மிச்சம். அதன்மேல் கழுகுகள் வந்து அமர்ந்தன. எதற்கோ அழைக்கப்பட்டவை போல, நகரவே இல்லை.

பண்ணாடியின் இரண்டு துண்டுகளும் தீர்ந்தன. மூன்றாவதில் கதிர் இன்னும் பச்சை. நாற்பது மாடுகள் வாசலை மறித்த முட்படலின் முன் நின்று, கத்தாமல் பார்த்துக்கொண்டே இருந்தன. அம்மையார் தொரட்டியால் வெள்வேல மரத்துக் காய்களை உலுக்கி, கூடை கூடையாய்ச் சுமந்து போட்டார். அரை வயிறுதான் நிறைந்தது.

கூலிக்கு ஈடாகக் கிடைத்த அவருடைய ஒரே பசு, சாம்பல் நிற மயிலை, படலில் முகம் பொருத்தியபடி செத்தது. கதிர் மூன்று விரல் தூரத்தில் இருந்தது. அம்மையார் அதன் கண்ணை மூடிவிட்டு, அன்றும் வேலியைச் சுற்றினார்.

"உம்பட மாடே போச்சு, இன்னும் என்ன ஆத்தா நோம்பு?" என்றார் பண்ணாடி. "நாளைக்கு விடிஞ்சா படலைத் தூக்கிருவேன்."

"ஒம்பது நாள் பொறுங்க பண்ணாடி. இப்ப வாய் வெச்சா இந்த வருசம் மாடு பொழைக்கும். வாற வருசம் மாடுமில்லீங்க, நாமளும் இல்லீங்க."

"மாடு நாள்கணக்குப் பாக்குமா?"

விடிந்தது. படலைத் தூக்கினார். அந்த இடைவெளியை நிறைத்துக் கறுத்த காளை ஒன்று படுத்திருந்தது. எவருடையதும் அல்ல. வாயில் ஒன்றுமில்லாமல் அசைபோட்டது. கழுகுகள் எல்லாம் ஒருசேர எழுந்து பறந்தன. பண்ணாடி சாட்டையை ஓங்கினார். ஓங்கிய கை இறங்கவில்லை. ஒன்பது நாளும் அந்தக் கையோடேதான் உண்டார், உறங்கினார். வெள்வேல மரங்கள் உலுக்காமலே காயைக் கொட்டின.

ஒன்பதாம் நாள் விதை உதிர்ந்தது. காளை எழுந்து ஒரு வாய் புல் கடித்தது. ஊர்ச் சிவன் கோயிலுக்கு நடந்தது. சன்னிதி முன் மடங்கிப் படுத்துக் கல்லானது. கடைவாயில் புல் பச்சையாய் நின்றது. அசரீரி எழுந்தது. அதுவும் கொங்குப் பேச்சில்தான்: "நஞ்சாத்தா, எம்பட மாட்டுக்கும் மேய்ச்சல் வெச்சிருந்தே. நல்லா இரு."

அந்தியில் மழை இறங்கியது. பண்ணாடியின் கையும் இறங்கி, மற்றக் கையோடு சேர்ந்து குவிந்தது. மயிலைப் பசு மட்டும் திரும்பவில்லை. அம்மையார் அதைக் கேட்கவுமில்லை.

புல்லின் விதைக்காக நோன்பிருந்த அந்தத் தாயின் அடி வாழ்க.

ஊசிக்கரட்டூர்க் கோயிலில் இருக்கும் ஒரே நந்தியை வைத்தது, அம்மையார் காலமாகிப் பதினோராம் ஆண்டில். சிற்பிகள் ஊரான திருமுருகன்பூண்டியில் செதுக்கி லாரியில் வந்தது.