கம்பளி மரியாதை

பொட்டலூர் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கிடக்கும் வீடில்லாதவர்களுக்கு அரசாங்கம் பணம் ஒதுக்கியது. ஆனால் அதில் கம்பளி மட்டும்தான் வாங்கலாமாம்; அதிகாரியின் உத்தரவு. பொட்டலூர் வெயிலுக்குக் கம்பளியைப் பார்த்தாலே வேர்க்கும்!

“வாடகை ரூமுக்கு அட்வான்ஸ் கட்டணும் ஐயா. இங்கே எது தேவையோ அதுக்குச் செலவு பண்ண விடுங்க” என்று கேட்டாள், அங்கே படுத்துறங்கும் வேலாயி.

“உங்களுக்கு என்ன தேவைன்னு எங்களுக்குத் தெரியும்” என்றார் அதிகாரி தாண்டவராயன்.

சித்திரை உச்சிவெயிலில் கம்பளி வழங்கும் விழா வைத்தார். டிவிக்காரர்களும் வந்திருந்தார்கள். முதல் கம்பளியை வாங்கிய வேலாயி, “பெரிய மனுஷருக்குப் பொன்னாடை போர்த்தணுமில்ல?” என்று அதை அவர் தோளிலேயே போர்த்தினாள். கூட்டம் கைதட்டியது. பின்னால் வந்தவர்களும் ஆளுக்கொன்று போர்த்தினார்கள். கேமரா முன்னால் மரியாதையை எப்படி உதறுவது? மனுஷர் இளித்தபடியே வெந்தார்.

“தண்ணி... தண்ணி...” என்று முனகினார்.

“உங்களுக்கு என்ன தேவைன்னு எங்களுக்குத் தெரியும் ஐயா” என்று வேலாயி இன்னொரு கம்பளியை விரித்தாள்.

“அந்தப் பணத்துல எது வேணுமோ அதை வாங்கித் தொலைங்க!” என்று அலறினார் அதிகாரி.

வேலாயி மைக்கை நீட்டினாள். “இதுல சொல்லுங்க.”

ஊரறியச் சொன்ன பிறகுதான் அவர் தோளிலிருந்து ஒரு கம்பளியாவது கழன்றது.