விட்டுக்கொடுத்த விடுப்பு

ஒரு தாய்க்குச் சேரவேண்டிய சேதி மூன்று பேர் கையில் இருந்தது. ஆளுக்கொரு விதமாக அதைக் கையாண்டோம். ஆம், மூவரில் நானும் ஒருவன். அதனால், முடிவில் கேட்கப்போகும் கேள்விக்கு என் பதிலைக் கடைசியில் வைத்திருக்கிறேன். அதற்குமுன் உங்கள் பதிலை முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் ஊரிலிருந்து வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போவார்கள். லீவில் வருகிறவன் தன் வீட்டுப் படி ஏறுமுன், கூட வேலை பார்க்கும் ஊர்க்காரர்களின் வீடுகளுக்குப் போய் அவர்களுடைய நலம் சொல்ல வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம் அது.

தணிகாசலமும் கிருபாகரனும் பனிமலைச் சாவடி ஒன்றில் காவலில் இருந்தார்கள். லீவு முறை கிருபாகரனுடையது. தணிகாசலத்தின் மனைவிக்கோ பிரசவ நேரம்.

"நீ போண்ணா. நான் அடுத்த மாசம் போய்க்கறேன்" என்றான் கிருபாகரன்.

தணிகாசலம் ரயிலை விட்டு இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினார். கிருபாகரனின் வீட்டுக்கு நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். நான்காம் நாள் பனி சரிந்து கிருபாகரனோடு சாவடி புதைந்தது. அவர் கிருபாகரனின் தாய் வேதவல்லியம்மாவின் வாசலுக்குப் போனபோது அங்கே பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த லீவு உங்கள் மகனுடையது என்று அவர் சொல்லவில்லை. கிருபாகரன் எப்போதும் தகவல் சொல்லாமல் வந்து நிற்கிறவன். ஆகவே தாய்க்குத் தெரிந்திருக்காது என்று நம்பினார். அந்த வருஷமே பட்டாளத்தை விட்டு வந்தபின் மாதம் ஒரு ஞாயிறு வேதவல்லியம்மா வீட்டுக்குப் போவார். அந்த அம்மாள் சோறு போடுவார், இவர் சாப்பிட்டுவிட்டு வருவார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடத் துணிந்துதான் போவாராம்.

ஆறாவது வருஷம் என்னிடம் சொன்னார். நான் வெளிநாட்டு வேலையை விட்டு ஊர் திரும்பியிருந்த சமயம். அவர் வங்கி வாசலில் துப்பாக்கியோடு காவலுக்கு நிற்பார், நான் பக்கத்து மரத்தடியில் டீ குடிப்பேன். அப்படித்தான் பழக்கம். மறுநாள் பார்த்தபோது, "ஆறு வருஷத்துல நேத்துதான் சார் நல்லா தூங்கினேன்" என்றார். எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரை மாத்திக்கோங்க" என்றார்.

என் கதையில் சிப்பாய் கடைசிவரை சொல்வதில்லை. தாய் இன்னொரு கரண்டி சோறு வைக்கிறாள். அவன் "போதும்மா" என்கிறான். அதோடு கதை முடிந்துவிடும். முந்நூறு பேர் படிக்கும் பத்திரிகையில் வந்தது. நல்லவேளையாக ஊரில் ஒருவரும் படிக்கவில்லை.

ஐந்து வருஷம் கழித்து சுகந்தன் என்ற இயக்குநர் அதைப் படமாக்கினார். அவருடைய சிப்பாய் தாயின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். அவள் அவனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்கிறாள். வயலின் ஓங்குகிறது. ஏன் மாற்றினீர்கள் என்று போனில் கேட்டேன்.

"சார், தியேட்டருக்கு வந்தவனை வெறுங்கையோட அனுப்ப முடியாது. யாராவது யாரையாவது மன்னிச்சே ஆகணும்" என்றார்.

நல்லெண்ணத்தில், எங்கள் ஊர்ப் பட்டாளத்துக் குடும்பங்களுக்கு ஒரு காலைக் காட்சியை இலவசமாகவும் போட்டார். வேதவல்லியம்மா முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். மூன்று வரிசை பின்னால் தணிகாசலம். அவருக்குப் பக்கத்தில் நான்.

படம் விட்டதும் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் அந்த அம்மாள் அவருக்காகக் காத்திருந்தார்.

"இன்னா சலம், அந்தப் பொம்பள அப்படிக் கட்டிப் புடிச்சுனு அழுதுச்சே. எனக்கு அப்படியெல்லாம் வராதுப்பா."

"அம்மா..." என்றார் தணிகாசலம்.

"லீவை உனக்குக் குடுத்ததை கிருபா அன்னிக்கே போன்ல சொல்லிட்டான். நீயா வாயத் தொறந்து சொல்லுவேன்னு பதினோரு வருஷமா சோறு போட்டுனு இருக்கேன். இனிமே நீ சொன்னாலும் சினிமா பாத்துட்டு சொல்றேன்னுதான் எனக்குத் தோணும். சொல்லாத."

அடுத்த ஞாயிறு தணிகாசலம் போனார். அந்த அம்மாள் தட்டு வைத்தார், குழம்பு ஊற்றினார். மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டார்கள்.

சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை. நான் அவர் மௌனத்தைக் கதையாக்கினேன். சுகந்தன் அந்தத் தாயின் சார்பில் மன்னித்தும்விட்டார். வேதவல்லியம்மாவுக்குக் கிடைத்திருக்க வேண்டியதை, இனி கிடைக்கவே முடியாதபடி செய்தது இந்த மூவரில் யார்?

என் பதில்: சுகந்தனைச் சொல்வீர்கள். அவருக்கு நிஜத் தாய் ஒருத்தி இருப்பதே தெரியாது. தணிகாசலத்தைச் சொல்லலாம். ஆனால் ஆறு வருஷமாக அவருக்குள் ஒரு பாரம் இருந்தது, அது என்றைக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைப் பேச வைத்திருக்கும். அந்தப் பாரத்தை மரத்தடியில் இறக்கி வாங்கிக்கொண்டவன் நான். அதன்பின் அவர் அங்கே சாப்பிட மட்டும்தான் போனார். "அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். கேட்க வேண்டும் என்று தோன்றவும் செய்தது. கதை கெட்டுவிடுமே என்று சும்மா இருந்துவிட்டேன்.