ஒன்பதாவது வளைவில் ஓடிய கல்யாணம்

வால்பாறையிலிருந்து இறங்கின முதல் பஸ் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுல நின்னே போச்சு. ரோட்டுக்குக் குறுக்கே மரம். டிரைவரும் நாலு பேரும் அருவாளோட அதைக் கொத்திக்கிட்டு இருந்தாங்க.

கோகிலவாணி ஜன்னல் வழியா எட்டி எட்டிப் பார்த்தா. பொள்ளாச்சியில தம்பி பூபதிக்குக் கல்யாணம். தாலியில மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டா, மீதி ரெண்டும் கூடப்பொறந்தவ இவதான் போடணும். பத்தரையோட முகூர்த்தம் முடியுது. போன்ல கல்யாண லைவைத் திறந்தா, வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது.

பக்கத்து சீட்டு தண்டபாணி தன் போனை நீட்டினான். "இதுல பாருங்க அக்கா. நெட்டுக்குத் தக்கன வீடியோ தன்னை மாத்திக்கற வேலையை இந்த ஆப்புல சேர்த்ததே நான்தானுங்க."

"சிக்னல் ஒத்தக் கம்பிதானே இருக்கு? ஓடுமா தம்பி?"

"ஓடுமாவா! டாப்ஸ்லிப்புல ஒருத்தர் பாட்டு பார்த்தாருங்க. ஆடுனது நாப்பது பேரு. நெட்டு குறைஞ்சதும் என் ஆப்பு முப்பத்தாறு பேரை ஓரமா உட்கார வெச்சுட்டு, நாலு பேரை வெச்சே பாட்டை முடிச்சிருச்சு."

"உட்கார்ந்தவங்களுக்கு டீ குடுத்தாங்களா?"ன்னு கேட்டார் கண்டக்டர் நாச்சிமுத்து.

"கிண்டல் பண்ணாதீங்கண்ணா. மேல்மலையில ஒருத்தருக்கு கம்பியே இல்லை. படத்தை விட்டுட்டு அழுகையை மட்டும் அனுப்புச்சு. அவரு சட்டையைப் பிழிஞ்சு காயப்போட்டாரு. இன்னொருத்தருக்கு போனே அணைஞ்சிருச்சு. வில்லன் நேரா வீட்டுக்கே வந்து, மிச்ச வசனத்தையும் பேசி, காபி குடிச்சுட்டுப் போனான்!"

"டிக்கெட் வாங்கினானா?"

பஸ்ஸே சிரிச்சுது. அந்த நேரம் பார்த்து தண்டபாணி போன்ல கல்யாணப் படம் வந்திருச்சு. படம்னா, கட்டம் கட்டமா. மஞ்சளா ஒண்ணு, சிவப்பா ஒண்ணு. மஞ்சக் கட்டம் சிவப்புக் கட்டத்தோட கழுத்துப் பக்கம் போச்சு. பின்னாலிருந்து பச்சைக் கட்டம் ஒண்ணு குனிஞ்சுது.

"ஐயோ! தாலி கட்டிட்டாங்க! எம் முடிச்சை எவளோ போட்டுட்டா!" கோகிலவாணி ஓன்னு அழுதுட்டா.

உடனே அவ போன் அடிச்சுது. பூபதி. "அக்கா, எங்க இருக்கே? அது மாலை மாத்துனதுக்கா. நீ வராம நான் தாலியைத் தொடுவனா? இன்னும் ஒண்ணரை மணி நேரம் இருக்கு, வந்து சேரு."

கண்ணைத் துடைச்சுக்கிட்டு கோகிலவாணி தண்டபாணியை முறைச்சா. அவன் அசரலையே! "அதான் அக்கா என் ஆப்பு. நெட்டு ரொம்ப மோசமானா, இனிமே நடக்கப் போறதை முன்கூட்டியே காட்டிரும்."

கோகிலவாணி அவன் போனை வாங்கி உத்துப் பார்த்தா.

"நிசம்தான் தம்பி. இதுல மரம் வெட்டறது தெரியுது. டிரைவரு, கூட நாலு பேரு. ஆறாவதா நீலச் சட்டையில ஒரு கட்டம் அருவாளை வாங்குது."

தண்டபாணி குனிஞ்சு தன் சட்டையைப் பார்த்தான்.

கோகிலவாணி அவன் தோளைத் தட்டினா. "எந்திரி சாமி, நேரமாகுது."