தட்டினால் வரும் மீன்கள்

என் தொட்டியை மட்டும் வேனில் ஏற்றவில்லை.

மற்ற ஐந்து தொட்டிக் குஞ்சுகளும் ஆக்சிஜன் பைகளில் கிளம்பிவிட்டன. எல்லாம் ஆனைக்கெண்டை. ஆற்றில் அருகிப்போன மீன். முட்டையைப் பொரிக்க வைத்து, விரல் நீளம் வளர்த்து, திரும்ப ஆற்றிலேயே விடுவதுதான் எங்கள் பண்ணையின் வேலை. பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டபிறகு நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலையும் அதுதான். என் மீன் ஆற்றில் நீந்த வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

"ஏனக்கா? என் மீனுக்கு என்ன கேடு?"

பூங்கொடி அக்காதான் எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்.

"லோகு, தட்டு," என்றார்.

தெரிந்துவிட்டது அவருக்கு.

பண்ணையில் ஒரு சட்டம். சாக்குத் திரைக்குப் பின்னால் நின்றுதான் தீனி வீச வேண்டும். மீன் நம்மைப் பார்க்கக் கூடாது. சத்தமும் கூடாது. நான் திரையை ஒதுக்கிவிட்டு, தீனிக் கிண்ணத்தால் தொட்டி விளிம்பில் மூன்று தட்டு தட்டுவேன். டப், டப், டப். அத்தனையும் மேலே வந்து வாயைத் திறக்கும். என்னைப் பார்த்து அந்த அளவுக்குச் சந்தோஷப்பட்டவர்கள் யாரும் இல்லை.

தட்டினேன். வந்தன.

அக்கா தண்ணீரில் கையை விட்டு ஒன்றை எடுத்தார். வலை இல்லை, ஒன்றும் இல்லை. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குவது போல. அது துள்ளக்கூட இல்லை.

"இதுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் ஏன் வந்துச்சு?"

அவர் அதைத் திரும்ப விட்டார்.

ஒரு மூங்கில் குச்சியை என் கையில் கொடுத்தார்.

"ஒரு மாசம். தினமும் மூணு தட்டு தட்டு. மேல வந்ததும் தண்ணியில ஓங்கி அடி. உன் நிழலைப் பார்த்தா அடியில போய் ஒளியணும். அப்ப ஏத்திக்கலாம்."

"நான்தானேக்கா வளர்த்தேன். என்னையே பார்த்து ஓடணுமா?"

"நீயும் மனுஷன்தானே."

முதல் நாள் குச்சியை ஓங்கினேன். அவை வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தன. குச்சியைக் கூரையில் செருகிவிட்டுத் தீனி போட்டேன்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

இப்போது சிமெண்டுக் கடையில் மூட்டை ஏற்றுகிறேன். ஆனாலும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கலந்த அந்தத் தீனி வாசம் மூக்கை விட்டுப் போகவில்லை. அந்த மாதம் மாதிரி ஒரு மாதம் எனக்கு அப்புறம் வரவே இல்லை.

மாதக் கடைசியில் அக்கா கேட்டார்.

"அடிச்சியா?"

"அடிச்சேன்."

"தட்டு, பார்ப்போம்."

அவர் வருவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே வயிறு முட்டத் தீனி போட்டிருந்தேன். தட்டினேன். ஒன்றுகூட மேலே வரவில்லை.

அக்கா மீனைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம்.

"சரி," என்றார்.

பைகளை அவிழ்த்து ஆற்றில் விட்டது நான்தான். அன்றைக்கு இருந்த வெயில் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நான்காம் நாள் அக்கா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். மீன் விட்ட இடத்துக்குக் கொஞ்சம் கீழே, துணி துவைக்கும் துறையில் நிறுத்தினார்.

இரண்டு பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள். துணி கல்லில் விழுந்தது.

டப். டப். டப்.

"இங்க பாரு கண்ணு," என்றாள் ஒருத்தி. "நாலு நாளா நான் துவைக்க ஆரம்பிச்சா மீன் வருது. என் வீட்டுக்காரர் கூப்பிட்டாகூட இப்படி வரமாட்டார்."

"உன் மருமவன் நேத்து குண்டாவுல மொண்டுட்டுப் போனானே, அதச் சொல்லு," என்றாள் மற்றவள்.

"ஆமா, ஒரு குண்டா. வறுத்தா பல்லுக்குப் பத்தல."

அக்கா வண்டியிலிருந்து குச்சியை எடுத்து வந்தார். நான் கூரையில் செருகிய அதே குச்சி. நுனியிலிருந்து கைப்பிடி வரை ஒட்டடை.

"இறங்கு. எல்லாம் ஓடுற வரைக்கும் அடி. ஒண்ணுகூட இந்தத் துறைப் பக்கம் திரும்பக் கூடாது."

முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். இந்தத் தடவை அடித்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். குச்சியை ஓங்கினேன்.

என் நிழல் தண்ணீரில் விழுந்தது.

கல்லுக்கு அடியிலிருந்து ஒன்று வந்தது. அப்புறம் நாலு. அப்புறம் மிச்சம் இருந்ததெல்லாம். காலைச் சுற்றி நின்று வாயைத் திறந்தன.

"அடிடா லோகு."

அக்கா சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

நான் அடிக்கவில்லை.